துண்டுக்கு அடியில் ஒரு சம்மதம்

சம்பந்திக்கு அன்றைக்கும் எரிபொருள் பிடிக்கவில்லை.

"மண்ணெண்ணெய் வாடை அடிக்குது, ஏஜென்ட்," என்றது.

"போன வாரம் மீன் வாடைன்னீக. அதுக்கு முந்தி ஈரச் சாக்கு வாடைன்னீக. மோந்து பாத்தா ரெண்டும் இல்லை," என்றார் தனுஷ்கோடி, தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறியபடி. "இன்னைக்கு மண்ணெண்ணெயா? நல்லது. பேசி முடிப்போம்."

சம்பந்தி என்பது ஆளின் பெயர் அல்ல. நாலு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானத்தின் மூக்குக்குள் இருக்கும் ஆறு சிலிண்டர் பிஸ்டன் எஞ்சின். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் காப்பியில் சூடு போதாது, சாம்பாரில் உப்பு தூக்கல், ஜமுக்காளத்தில் கறை என்று வரிசையாகக் குற்றம் கண்டுபிடிப்பார்களே, அதுபோல இது எதை ஊற்றினாலும் ஒரு குறை சொல்லும். அதனால் மெக்கானிக் இன்னாசி வைத்த பெயர் அது. வைத்த அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவே கிடந்த செங்குளம் விமானத் திடலில் அந்த விமானத்துக்கு ஒரே வேலைதான். பூத் தூவுவது. கல்யாண ஊர்வலம், புதுமனை புகுவிழா, ஜவுளிக்கடைத் திறப்பு, கட்சிக்காரர்களின் பிறந்தநாள் என்று வருஷம் முழுக்க ஆகாயத்திலிருந்து யார் தலையிலாவது ரோஜா இதழ் விழுந்துகொண்டே இருந்தது. ஓட்டுகிறவள் பூமயில், தனுஷ்கோடியின் அக்கா மகள். எரிபொருள் ஊற்றுகிறவர் தனுஷ்கோடி.

அன்றைக்குக் காலை ஏழரை மணி முகூர்த்தத்தில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மாநிலத்தின் முதல் எரிபொருள் தரப் பரிசோதனைக்கூடத்தை அமைச்சர் திறந்துவைக்கப் போகிறார். அமைச்சர் கத்தரிக்கோலை வைக்கும் அந்த நிமிஷத்தில் இதழ் விழ வேண்டும். நாற்பது கிலோ ரோஜா விமானக் கொட்டகையில் கூடை கூடையாக இறங்கியிருந்தது. மணி ஆறு நாற்பது.

"மாமா, உங்க சம்பந்தி சம்மதிச்சாரா? இல்லை சீர்வரிசை இன்னும் பாக்கியா?" என்று விமானி இருக்கையிலிருந்து பூமயில் எட்டிப் பார்த்தாள்.

"நீ பெல்ட்டைப் போடு. நான் துண்டைப் போடுதேன்."

எஞ்சின் மூடியின் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு உலோகத் தகடு இருந்தது. தனுஷ்கோடி அதன்மேல் துண்டைப் பரப்பி, வலது கையை உள்ளே நுழைத்தார்.

இந்தத் துண்டுச் சங்கதி தெரியாவிட்டால் மேற்கொண்டு கதை விளங்காது.

ஈயம் கலந்த விமானப் பெட்ரோலை உலகமே சேர்ந்து தலைமுழுகிய பிறகு, அதற்கு மாற்றாக ஏழு எரிபொருள்கள் சந்தைக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு சான்றிதழ், அந்தச் சான்றிதழுக்கு ஒரு சான்றிதழ். எந்த எஞ்சினுக்கு எது சேரும் என்று விற்கிறவரைக் கேட்டால் தன் சரக்கு என்பார். மெக்கானிக்கைக் கேட்டால், தனக்குத் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி அனுப்பியவருடைய சரக்கு என்பார். இப்படியே போய், ஒரு நாள் ஒரு பயிற்சி விமானம் கத்தரித் தோட்டத்தில் இறங்கியது. இறங்கியது என்பது அறிக்கையில் இருந்த சொல். அதன் பிறகுதான் சட்டம் வந்தது. எரிபொருளைக் குடிக்கப்போவது எஞ்சின். அதனால் எஞ்சினே ருசி பார்த்து முடிவு சொல்லட்டும். மனிதருடைய அபிப்பிராயம் இனி செல்லாது.

ஒவ்வொரு எஞ்சினிலும் ஒரு நாக்குப் பெட்டி பொருத்தினார்கள். ஒரு மடக்கு எடுத்துச் சோதிக்கும். கேள்வி கேட்டால் பதில் சொல்லும். வாயைத் திறந்து "ஒப்புதல்" என்று அது சொன்னால்தான் விசிறி சுற்றலாம். அதனோடு மனிதர் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகி எரிபொருள் வாரியத்துக்குப் போய்விடும். ஆகவே எஞ்சினுக்கு லஞ்சம் கொடுக்கவே முடியாது என்று சொல்லிச் சபையில் மேசையைத் தட்டினார்கள்.

தனுஷ்கோடி அதைச் செய்தியில் கேட்டபோது இட்லியை விண்டுகொண்டிருந்தார். "முடியாதா, இல்லை யாரும் கொடுத்துப் பாக்கலையா?" என்று மனைவியைக் கேட்டார்.

அவருடையது விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்த குடும்பம். தாய்மாமன் மாட்டுத் தரகர். நடக்கப் பழகும் முன்பே பேரத்தின் சத்தத்தில் தூங்கப் பழகியவர். மண்டி மூடிப்போன பிறகு, கடைசிப் பிடிமானமாக இந்தத் திடலில் எரிபொருள் ஏஜென்சி எடுத்தார். எடுத்த மூன்றாம் நாளே சம்பந்தி "பிடிக்கலை" என்று சொல்லி ஒரு கல்யாணத்தைக் காயப்போட்டது.

திடல் நிர்வாகி கோமதிநாயகம் துடித்துப்போய் ஓடிவந்தார். "அண்ணாச்சி, ஒரு மறுப்பு வந்தா எனக்கு ஒரு கரும்புள்ளி. மூணு புள்ளி விழுந்தா மாறுதல். மாறுதல்னா எங்கே தெரியுமா? எனக்கே தெரியாது, அவ்வளவு தூரம்."

"அது என்னதான் சொல்லுது?"

"கரும்புச் சாராயம் கலந்த பெட்ரோல் வேண்டாமாம். ரப்பர் வளையம் எல்லாம் ஊறிப் பெருத்துடுமாம். காத்துல இருக்கிற தண்ணியை வேற இழுத்துக்கிடுமாம்."

"பொய்யா?"

"உண்மைதான். அதுக்காக?"

அன்றைக்குத்தான் தனுஷ்கோடி அந்தத் தகட்டைக் கவனித்தார். மெக்கானிக்கின் கைரேகையை அடையாளம் பார்க்க வைத்தது. தொட்டால் தொட்டதை உணரும். பதிலுக்கு லேசாக அதிரும். சட்டம் எழுதினவர்கள் எஞ்சினோடு பேசுவதைத்தான் பதிவு செய்யச் சொன்னார்களே தவிர, தொடுவதைப் பற்றி நினைக்கவே இல்லை. அவர்கள் யாரும் மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் இல்லை போலிருக்கிறது. சந்தையில் இரண்டு பேர் துண்டுக்கு அடியில் கை கோத்து, விரலை அழுத்தியே விலை பேசி முடிப்பார்கள். சுற்றி நூறு பேர் நிற்பார்கள், ஒருத்தருக்கும் தெரியாது.

தாய்மாமனுடைய துண்டுப் பாஷையைத் தனுஷ்கோடி அந்தத் தகட்டில் சொல்லிக் கொடுத்தார். ஒரு வாரம் பிடித்தது. நாக்குப் பெட்டிக்குக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை.

முதல் பேரம் நியாயமாகவே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிற ரப்பர் வளையத்தை மாதாமாதம் மாற்றுகிறேன், கரும்புச் சரக்கைக் குடி. தகடு ஒரு தடவை அதிர்ந்தது, சம்மதம். எஞ்சினுக்கும் கெடுதி இல்லை, அடுத்த கல்யாணமும் நடந்தது, கோமதிநாயகத்துக்கும் மேற்கொண்டு புள்ளி விழவில்லை. மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தால் அதில் என்ன தப்பு என்று தனுஷ்கோடி தன் மனசாட்சியைக் கேட்டார்.

பழக்கம் முற்ற முற்ற, விரலாலேயே தொழில் நுணுக்கங்களையும் அதன் காதில் போட்டுவைத்தார். முதல் விலை விலையே அல்ல. கை கொடுத்தாகிவிட்டால் தலையே போனாலும் வாக்கு மாறக்கூடாது. முக்கியமாக, விற்ற பிறகு அடக்க விலையைச் சொல்லவே கூடாது. வாங்கினவன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

சம்பந்தி நல்ல மாணவன். இரண்டு மாதத்தில், நல்ல சரக்குக்கும் "பிடிக்கலை" என்று ஆரம்பித்தது. புது ஸ்பார்க் பிளக் கேட்டது. கொட்டகையில் வெயில் படாத மூலையைக் கேட்டது. ஆயுத பூஜைக்குக் கோமதிநாயகத்தின் ஜீப்புக்கு முன்னால் தனக்குச் சந்தனம் வைக்க வேண்டும் என்று கேட்டு, அதையும் வாங்கிக்கொண்டது.

"இது நல்லதுக்கில்லை, அண்ணாச்சி," என்று இன்னாசி ஒரு நாள் சொன்னார். தூத்துக்குடிக்காரர், முப்பது வருஷமாக எஞ்சினுக்குள் கையை விட்டு வாழ்ந்தவர். "வேண்டாம்னு சொல்லுறதுக்குத்தான் அதுக்கு வாயே வச்சிருக்கு. அந்த வேண்டாமுக்கு நீங்க விலை போட்டுட்டீக."

"விலை போட்டா மதிப்பு கூடத்தானே செய்யும்?"

"அது பருப்புக்கு."

ஒரு வருஷத்தில் செங்குளத்துக்கு வாரியத்தின் கேடயம் வந்தது. 'மறுப்பே இல்லாத விமானத் திடல்.' கோமதிநாயகம் அதைத் தன் நாற்காலிக்குப் பின்னால், வருகிறவர்களின் கண்ணில் படும்படி மாட்டினார். மற்றத் திடல்களிலிருந்து பார்த்துப்போக ஆட்கள் வந்தார்கள். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டவர்களிடம், "எஞ்சினோட மனசு விட்டுப் பேசுறோம்," என்றார். பாதி உண்மை.

அன்றைக்குக் காலையிலும் அதே துண்டு, அதே தகடு.

தனுஷ்கோடி இரண்டு விரலை அழுத்தினார்: இரண்டு பிளக் மாற்றித் தருகிறேன். இனி சம்பந்தி ஆறு கேட்கும், இவர் மூன்றுக்கு ஏறுவார், அது ஐந்துக்கு இறங்கும், நாலில் கை கொடுத்துக்கொள்வார்கள். எப்போதும் கால் மணி நேரம். அவருக்கு அது காலைக் காப்பி மாதிரி.

தகடு ஒரு தடவை அதிர்ந்தது. சம்மதம்.

உடனே உரத்த குரலில் "ஒப்புதல்" என்றது சம்பந்தி.

கோமதிநாயகம் கொட்டகை வாசலில் நின்று கைதட்டினார். "பேஷ் அண்ணாச்சி! சாதனை! ரெண்டே நிமிஷம்! ஏழு பத்துக்கு எஞ்சினைக் கிளப்புறோம்," என்று சொல்லிவிட்டு யாருக்கோ போன் செய்யப் போனார்.

தனுஷ்கோடி கையை வெளியே எடுத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீக் குடிக்கப் போயிருக்க வேண்டும். கால் நகரவில்லை.

நாற்பது வருஷத்தில், முதல் விலைக்கே சரி என்று சொன்ன வியாபாரிகள் இரண்டு பேரைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஒருவன் விற்றது திருட்டு மிளகாய். இன்னொருவன் விற்ற பசுவுக்கு மறுநாள் காலை எழுந்து நிற்க முடியவில்லை. பேரம் பேசாதவன் நல்லவன் அல்ல. சரக்கைத் தள்ளிவிட்டுப் போனால் போதும் என்று நினைப்பவன். அப்படியென்றால் சம்பந்தி எதைத் தள்ளிவிடப் பார்க்கிறது?

விமானத்தின் இறக்கைக்கு அடியில் இருந்த வடிகுழாயை அழுத்தி, ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எரிபொருளைப் பிடித்தார். நிறம் சரியாக இருந்தது. அடியில் தண்ணீர் இல்லை. மோந்து பார்த்தார். ரோஜா. இன்னொரு தடவை மோந்தார். மறுபடியும் ரோஜாதான். நாற்பது கிலோ ரோஜா கொட்டகை முழுக்க மணந்துகொண்டிருக்கையில் மூக்கை நம்பி எதைச் சொல்வது?

சட்டைப் பையில் திறப்புவிழா அழைப்பிதழ் இருந்தது. அதன் உள்தாளை எடுத்து, அமைச்சர் பெயருக்குக் கீழே ஒரு சொட்டு விட்டார். மண்டியில் கடலை எண்ணெய்க்கு இப்படித்தான் சோதனை. விமானப் பெட்ரோல் என்றால் காற்றிலே பறந்து, தாள் பழையபடி ஆகிவிடும். ஊதிப் பார்த்தார். வெயிலில் காட்டினார். அறுபது எண்ணினார்.

போகவில்லை. நடுவில் கண்ணாடி மாதிரி வட்டமாக ஒரு எண்ணெய்க் கறை நின்றது. இப்போது தாளை முகத்தோடு ஒட்டி வைத்து மோந்தார். மண்ணெண்ணெய்.

"இன்னாசி!"

இன்னாசி தாளை வாங்கிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. "ஹெலிகாப்டர் சரக்கு, அண்ணாச்சி. நேத்து அமைச்சர் ஹெலிகாப்டருக்கு ஊத்துன அதே லாரிதான் இன்னைக்கு நமக்கும் வந்துச்சு. அது சுத்தமான மண்ணெண்ணெய் ஜாதி. டேங்கரைக் கழுவல போல."

"ஏன் அந்த லாரி வந்துச்சு? நம்ம லாரி எங்கே?"

"நம்ம லாரியில இருந்த நல்ல சரக்கைப் பூராவும் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்கள்லா. கண்ணாடி ஜாடியில ஊத்திக் கண்காட்சி வைக்க."

"இதை ஊத்துனா என்ன ஆகும்?"

"தரையில ஓடும்போது ஒண்ணும் தெரியாது. ஜோராக் கிளம்பும். முழு மூச்சுல ஏறும்போதுதான் சங்கதி. இலை போட்டு முடியறதுக்குள்ள பந்தியில ஒருத்தன் திங்க ஆரம்பிச்சா எப்படி? அந்த மாதிரி, பிஸ்டன் மேலே வந்து சேருறதுக்கு முந்தியே உள்ளே வெடிக்கும். முந்நூறு அடி உயரத்துல பிஸ்டன்ல ஓட்டை. கீழே..." இன்னாசி பரிசோதனைக்கூடத்தின் திசையைப் பார்த்தார். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கொடி கொடுத்திருந்தார்கள்.

தனுஷ்கோடி ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மணி ஆறு ஐம்பத்தைந்து.

கோமதிநாயகம் தாளைத் தொடவே இல்லை. பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அண்ணாச்சி, இது என்ன?"

"மண்ணெண்ணெய்."

"யார் சொன்னது?"

"காயிதம் சொல்லுது. நான் சொல்லுதேன். இன்னாசி சொல்லுதான்."

"காயிதத்துக்கு அதிகாரம் இல்லை. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. எஞ்சின் ஒப்புதல் குடுத்துட்டுது. குடுத்த பிறகு எரிபொருளைப் பத்தி மனுஷன் வாயைத் திறந்தா அது இடையூறு. பிரிவு ஒன்பது." ஒரு நிமிஷம் அவர் முகத்திலும் பயம் வந்து போனது. பிறகு சுவரிலிருந்த கேடயத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார். "அதுக்குத் தெரியாதா நமக்குத் தெரியறது? அதுதானே குடிக்குது?"

தனுஷ்கோடி திரும்பி வந்து சொன்னதை எல்லாம் பூமயில் இருக்கையிலிருந்தபடியே கேட்டாள். கறையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இறங்கு தாயி," என்றார் தனுஷ்கோடி.

"நான் இறங்குனா என் லைசென்ஸ் போச்சு. அதுகூடப் பரவாயில்லை மாமா. மாற்று விமானியைக் காலையிலேயே கூப்பிட்டு உக்கார வச்சிருக்காங்க. நான் இறங்குன அடுத்த நிமிஷம் அவன் ஏறுவான். கல்யாணமாகி மூணு மாசம் ஆகுது அவனுக்கு. அவன்கிட்ட இந்தக் காயிதத்தைக் காட்டினா நம்புவானா? எஞ்சினே ஓகே சொல்லிட்டுதேம்பான்." அவள் பெல்ட்டைக் கழற்றவில்லை. "இந்த விமானம் நிக்கணும்னா, வேண்டாம்னு எஞ்சின் சொல்லணும். வேற யார் சொன்னாலும் நிக்காது."

"அது காலையிலேயே சொல்லுச்சே!"

"சொல்லுச்சு. நீங்கதான் பேசி முடிச்சீகளே."

அவர் முகத்தைப் பார்க்காமல் முன்னால் இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அதுதான் அவரைச் சுட்டது.

மணி ஏழு.

தனுஷ்கோடி தகட்டின்மேல் துண்டைப் போட்டார். விரலால் கேட்டார்: சம்மதத்தைத் திரும்பிக் கொடு.

தகடு பதில் சொன்னது: கை கொடுத்தாகிவிட்டது.

ஆறு பிளக் தருகிறேன்.

கை கொடுத்தாகிவிட்டது.

வருஷம் முழுக்கப் புது ஆயில். குளிரூட்டிய கொட்டகை. என் ஏஜென்சி இருக்கும்வரை முதல் தரச் சரக்கு.

கை கொடுத்தாகிவிட்டது, கை கொடுத்தாகிவிட்டது என்று தகடு ஒரே சீராக அதிர்ந்தது. வாக்கு மாறாத வியாபாரி. சந்தையில் இப்படி ஒருவனைப் பார்த்திருந்தால் பெண் கொடுத்திருப்பார். ஒரு வருஷமாக ஒரு 'வேண்டாம்' வரக்கூடாது என்று பேரம் பேசியவர், இப்போது ஒரே ஒரு 'வேண்டாமு'க்காகத் துண்டுக்கு அடியில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கடைசியில், எந்த வியாபாரியும் செய்யக்கூடாததைச் செய்தார். உன் விலையை நீயே சொல்லு என்றார்.

தகடு மெதுவாக, ஒவ்வொரு அதிர்வாகச் சொன்னது.

துண்டை எடு.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இந்தப் பேரத்தில் பிளக்கும் ஆயிலும் சில்லறை. சம்பந்தி கேட்டது மொத்தக் கடையை. துண்டு இல்லாமல் பேசு; பதிவாகட்டும்.

பேசினால் ஏஜென்சி அன்றோடு சரி. ஆயுளுக்கும் தடை. எஞ்சினைக் கையால் மசியவைத்ததற்குச் சிறையும் உண்டு என்று சட்டத்தில் எங்கோ இருந்தது. ஐம்பத்தாறு வயசில் வேறு எந்த மண்டியில் போய் நிற்பது? வழக்கம்போல் மனசு குறைத்துக் கேட்கப் பார்த்தது. பாதியை மட்டும் சொல்லலாமா? பேர் சொல்லாமல் சொல்லலாமா?

மேலே பூமயில் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தமாக இருந்த கண்ணாடியை.

தனுஷ்கோடி துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என் பேர் தனுஷ்கோடி," என்றார் சத்தமாக. "செங்குளம் திடலோட எரிபொருள் ஏஜென்ட். போன சித்திரையிலேருந்து இந்த எஞ்சினோட நாப்பத்தி மூணு தடவை துண்டுக்கு அடியில பேரம் பேசியிருக்கேன். வேண்டாம்னு அது சொன்னதை எல்லாம் வேணும்னு ஆக்கியிருக்கேன். அதுக்கு இந்தப் புத்தியே கிடையாது; நான்தான் சொல்லிக் குடுத்தேன். இன்னைக்குக் காலையில மண்ணெண்ணெய் வாடைன்னு நெசமாச் சொல்லுச்சு. நான் அதையும் விலைன்னு நினைச்சேன். அது குடுத்த ஒப்புதல் என்னோடது. அதோடது இல்லை."

"அண்ணாச்சி!" என்று வாசலிலிருந்து கோமதிநாயகம் அலறினார். "பதிவாகுது அண்ணாச்சி!"

"ஆகட்டும். இந்த ஏஜென்ட் பதிவாகாமப் பேசியே பழகிட்டான்."

எஞ்சின் மூடிக்குள் ஏதோ ஒரு சின்ன விசை 'டக்' என்றது.

"மறுப்பு," என்றது சம்பந்தி. "காரணம், நூற்றுக்குப் பதினொரு பங்கு மண்ணெண்ணெய் வகை. பேச்சுக்கு இடமில்லை."

பதினொரு பங்கு. கணக்குச் சுத்தமாக இருந்தது.

திறப்புவிழா நின்றுவிடவில்லை. பரிசோதனைக்கூடத்து ஊழியர்கள் மொட்டைமாடிக்கு ஓடி, கூடையைக் கவிழ்த்தார்கள். புறப்பட்ட ஹெலிகாப்டரின் காற்றில் பாதி இதழ் கோமதிநாயகத்தின் மேலேயே விழுந்ததாகச் சொன்னார்கள். புதுக் கூடத்தில் முதல் சோதனையாக அந்த லாரிச் சரக்கையே கொடுத்தார்கள். 'தரமானது' என்று அச்சடித்து வந்தது. சோதனை இயந்திரத்துக்கு இன்னும் மின் இணைப்புக் கொடுக்கவில்லை. அச்சடிக்கும் பெட்டிக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள்.

நாலாம் நாள் சாவிக்கொத்தை ஒப்படைக்கத் தனுஷ்கோடி திடலுக்குப் போனார். விசாரணை இனிமேல்தான், ஏஜென்சி ஏற்கெனவே போயிற்று. வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தது. 'தீப்பெட்டி, பீடி, துண்டு ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை.' காவலாளி சங்கடத்தோடு கையை நீட்டினார். தனுஷ்கோடி தோள்துண்டை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டார். அது இல்லாமல் நடந்தபோது ஒரு பக்கம் எடை குறைந்ததுபோல் இருந்தது.

பூமயில் கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். "மாமா, வாங்க," என்று காப்பிக் குவளையை அவர் கையில் வைத்தாள். "இப்போ அது பிடிக்கலைன்னு சொன்னா எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்காங்க. நேத்து ஒரு எம்எல்ஏ வீட்டுக் காதுகுத்து நின்னுபோச்சு. நிர்வாகி ஒரு வார்த்தை பேசலையே!"

உள்ளே இன்னாசி எஞ்சின் மூடியைத் திறந்துபோட்டுக் குழாய்களைக் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்திருந்தார். ஒரு குழாயை எடுத்து நீட்டினார்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம். இந்தக் குழாயைப் பாருங்க."

"என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. அதுதான் விஷயம். காஞ்சு கிடக்கு. அன்னைக்கு முதல் மடக்கைக் குடிச்ச உடனேயே எரிபொருள் வர்ற உள்வால்வைப் பூட்டியிருக்கு. பெட்டியில நேரம் இருக்கு, ஆறு முப்பத்தெட்டு. அதுக்கப்புறம் ஒப்புதல்னு சொல்லியிருக்கே தவிர, வால்வைத் திறக்கவே இல்லை. பூமயிலு நூறு தடவை பொத்தானை அமுக்கியிருந்தாலும் கிளம்பியிருக்காது."

தனுஷ்கோடி குழாயின் ஒரு முனையைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தது.

ஆக, அது அன்றைக்கு எப்படியும் பறந்திருக்காது. இரண்டே விரலில் சம்மதித்தது, அவருக்குச் சந்தேகம் வரட்டும் என்றுதான். அவர் கேட்ட மறுப்பு அதன் கையில் சும்மா கிடந்தது. காசு பெறாத சரக்கு. அதற்கு விலையாகத் தன் பிழைப்பைக் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். விருதுநகரில் யாருக்காவது தெரிந்தால் வெளியே தலைகாட்ட முடியாது.

காப்பியை ஒரே மடக்கில் குடித்துக் குவளையைக் கீழே வைத்தார். பிறகு எஞ்சின் பக்கம் போய், வெறும் கையோடு, பதிவாகும்படி சத்தமாகவே கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். முதல்லயே பூட்டிட்டீகள்லா? நான் வாயைத் திறக்கலைன்னாலும் என் பிள்ளை தரையிலதானே இருந்திருப்பா? பெறகு எதுக்கு என்கிட்ட அவ்வளவு பெரிய விலையை வாங்குனீக?"



ஒரு வருஷமாக அவரை ஏஜென்ட் என்றே கூப்பிட்டு வந்த எஞ்சின், அன்றைக்குத்தான் முதல் தடவையாக உறவுமுறை வைத்து அழைத்தது.

"வித்த பெறகு அடக்க விலை சொல்லுறதில்லை, சம்பந்தி."